முன் இருக்கையின் முறை

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தந்த இடியப்பம் நன்றாக இருந்தது, தங்கச்சி. சொதிக்குத்தான் உப்புக் கொஞ்சம் குறைவு. நீங்கள் அழுதுகொண்டிருந்தபடியால் அப்போது சொல்லவில்லை.

உங்கள் கணவர் ஞானேந்திரனைக் கடைசியாகக் கண்டது யார் என்று அன்றும் கேட்டீர்கள். போன வருடம் ஊரிலிருந்து இங்கே கார்ட்டியர்வில்லுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறீர்கள். எங்களோடு ஒரே லொறியில் வந்த மட்டக்களப்பு மார்க்கண்டு இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை உங்களிடம் வந்து சில விஷயங்கள் சொல்லப்போகிறாராம். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியில் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, முதலில் நடந்ததை மறந்துவிடுகிறவர். ஆகவே நானே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

1985 ஏப்ரலில் நைரோபியிலிருந்து ஏழு பேர் புறப்பட்டோம். காசு வாங்கி எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரரின் ஏற்பாட்டின்படி நாங்கள் சிங்கம் பார்க்கப் போகும் உல்லாசப் பயணிகள். ஆளுக்கொரு காக்கித் தொப்பி, கழுத்தில் பிலிம் இல்லாத கமரா. ஊரில் ஆமிக்காரனைக் கண்டு பனங்காணிக்குள் ஓடியவர்கள் ஆசைப்பட்டு மிருகம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எந்தப் பொலிஸ்காரன் நம்புவான் என்று கேட்டேன். இரண்டு சாவடிகளில் அப்படியே நம்பினார்கள். மூன்றாவதில் தொப்பிகளை வாங்கி வைத்துக்கொண்டு நம்பினார்கள்.

அதைப் பாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலைத்தகரத்தின் மேல் லொறியை ஓட்டினால் எப்படியோ, அப்படி. காய்ந்த ஆற்றுக்குள் இறங்கினால், கரையேற நாங்கள்தான் இறங்கித் தள்ளவேண்டும். நாக்கைக் கடித்துக் கடித்து இரண்டாம் நாள் எல்லோருமே பேச்சை நிறுத்திவிட்டோம். சிவப்புத் தூசியில் யார் யாரென்று தெரியவில்லை. முள்மரத்துக்கு மேலால் ஒட்டகச்சிவிங்கி ஒன்று எங்களை வெகுநேரம் பார்த்தது. பரிதாபப்பட்டது என்றே நினைக்கிறேன்.

சாரதிக்குப் பக்கத்தில் மட்டும் மெத்தை வைத்த இருக்கை இருந்தது. ஊரில் வாத்தியாராக இருந்த பழக்கத்தில் நான் கொப்பியில் கோடு கிழித்து முறை எழுதினேன். ஏழு பேர், ஆளுக்கு அரை நாள். இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. ஞானேந்திரன் இரண்டாம் நாள் காலை ஏறி இருந்தவர், மத்தியானம் இறங்கவில்லை. காய்ச்சல் என்றார். காய்ச்சல் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை என்னுடையது. கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“சட்டம்பியார், உம்மட கொப்பியில என்னைச் செத்தவன் எண்டு எழுதிவிடும். செத்தவனை ஆரும் எழுப்பேலாதுதானே,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாக்குக் கடிபட்டவர்களும் சிரித்தார்கள். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அவர்தான் முன்னால்.

நாலாம் நாள் பின்னேரம் லொறி எங்களை ஒரு முகாமில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. முகாம் என்பது மிருகம் பார்க்க வெள்ளைக்காரர் வந்து தங்கும் பத்துக் கூடாரங்கள். மழைக்காலத்துக்காக மூடிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடாரத்தில் அன்றைய சூப் என்னவென்று எழுதிய பலகை நின்றது. சூப் இல்லை. அடுத்த நாள் காலை வேலையாட்களும் போய்விட்டார்கள். மழை தொடங்கினால் மூன்று மாதத்துக்கு இந்தப் பக்கம் வாகனம் வராது என்று போகும்போது ஒருவர் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு எங்களை ஏற்ற வேறொரு லொறி, வேறொரு சாரதி. ஞானேந்திரன் கடைசிக் கூடாரத்தில் படுத்திருந்தார். லொறி வந்தால் எழுப்பச் சொல்லி என்னிடம்தான் சொல்லியிருந்தார். மரியாதையாகச் சொல்லவில்லை. பைகளெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவருடையதை மட்டும் நானே இறக்கி மரத்தடியில் வைத்தேன். பிறர் பொருளைக் கொண்டுபோகும் பழக்கம் எனக்கில்லை. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீரும் வைத்தேன். இதை மார்க்கண்டு சொல்லமாட்டார், அவர் காணவில்லை.

எல்லோரும் ஏறியாயிற்றா என்று சாரதி கேட்டார். கொப்பி என் கையில் இருந்ததால் என்னைத்தான் கேட்டார். தலையாட்டினேன்.

பின்பெட்டிக்குள்ளிருந்து மார்க்கண்டு கேட்டார்: “அண்ணை, ஞானம் எங்க?”

“முன்னுக்கு இருக்கிறார்,” என்றேன்.

ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவர் வேறெங்கே இருந்திருக்கிறார்?

அந்த இருக்கை ஆறு மணித்தியாலம் வெறுமையாகவே வந்தது. நான் போய் இருக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். கொப்பியின்படி அன்று என் முறை இல்லை. பின்னேரம் லொறி நின்றபோது கேட்டார்கள். வருத்தக்காரருக்கு ஏஜென்சிக்காரர் தனி வாகனம் ஒழுங்கு செய்திருக்கிறார் என்று கொப்பியைப் பார்த்தபடி சொன்னேன். எங்கள் ஆட்களுக்குக் கடவுள் நேரில் வந்து சொன்னாலும் ஐமிச்சம் இருக்கும். கொப்பியைப் பார்த்துச் சொன்னால் இராது. அன்று பொழுதுபடமுன் மழை தொடங்கியது. கடைசியில் மிரபெல் விமான நிலையத்தில் ஆறு பேர் இறங்கினோம்.

போன கிழமை மெத்ரோ ரயில் நிலையத்தில், லொங்குய் போகும் மஞ்சள் பாதைக்கு இறங்கும் படியில் மார்க்கண்டு என்னை மறித்தார்.

“கனகசிங்கம் அண்ணை, அண்டைக்கு முன்சீற்றில ஒருத்தரும் இருக்கேல்லை. டிரைவர் கதவைத் திறக்கேக்க நான் கண்டனான். நீங்கள் தனி வாகனம் எண்டு சொன்னாப்போல வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்.”

“பேந்து இப்ப என்னத்துக்கு?”

“அந்தப் பிள்ளை இன்னும் பொட்டோட இருக்குது, அண்ணை.”

அவருடைய கவலை அவ்வளவுதான். பொட்டை வைப்பதா அழிப்பதா என்பது உங்கள் சொந்த விஷயம். அதில் நான் தலையிடமாட்டேன்.

நான் தலையிட்டது கடிதங்களில் மட்டும். நீங்கள் கேட்டபடி தூதரகங்களுக்கும் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கும் பதினொரு கடிதம் எழுதினேன். உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதபடியால் இதையும் சொல்லிவிட வேண்டும். பதினொன்றிலும், அவரைக் கடைசியாகக் கண்ட இடம் மொம்பாசா துறைமுகம் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதினொரு பதிலும் ஒரே மாதிரி வந்தன. அவர்கள் சொன்னது முழு உண்மை. நீங்கள்தான் அவர்கள் ஒழுங்காகத் தேடவில்லை என்று குறைசொல்லி அழுதீர்கள்.

சனிக்கிழமை வரும்போது மார்க்கண்டுவிடம் அந்த முகாம் எங்கே என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அது எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுகூட மற்ற ஐந்து பேருக்கும் தெரியாது. பெயர்ப்பலகையை வாசித்து எழுதிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

பெயரை இங்கே எழுதுவதாகத்தான் இருந்தேன். பேனாவை எடுத்த பிறகு யோசித்தேன். எழுதினால், முதல் எழுதிய பதினொரு கடிதமும் பிழை என்று ஆகிவிடும். நான் எழுதிய கடிதத்தில் இன்றுவரை ஒருவரும் பிழை கண்டுபிடித்ததில்லை, தங்கச்சி.