மேகத்துக்கு மேலே வெயில்

மலையூரான தானா ராத்தாவில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள். இளையவள் கையில் குழந்தையைச் சுற்றும் துண்டு, வெறுமையாக. பனி இறங்கிக்கொண்டிருந்தது. மூத்தவள் எதையாவது பேசவேண்டுமே என்று பேசினாள்.

“ரேடியோவுல சொன்னான் லா. அமெரிக்காவுல விண்வெளிக்காரங்க சூரியன ஆராய்ச்சி பண்ண ப்ளேன்ல போறாங்களாம். மேகத்துக்கு மேல பகல் முழுக்க வெயில்தானாம்.”

“மழை நாள்லயுமா அக்கா?”

“ஆமா. இருட்டெல்லாம் கீழ நமக்குத்தான்.”

“பிள்ளைக்கு மஞ்சக் காமாலை, காலை வெயில்ல காட்டுனா போயிரும்னு அத்தை சொன்னாங்க. தினமும் லயத்து வீட்டு வாசல்ல தூக்கிட்டு நின்னேன். நாளைக்கு வெயில் வந்துரும், வந்துரும்னே இருந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

பஸ் வந்தது. இளையவள் ஏறாமல் மேலே பார்த்தாள்.

“வெயில் எவ்வளவு உசரத்துலக்கா இருந்துச்சு?”