டீகனின் கடைசி டேக்

பகல் மூன்று மணி. பேய்க் கதைக்கு ஏற்ற நேரமில்லைதான்... ஆனால் நடந்தது அப்போதுதான், நான் என்ன செய்ய? நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்கிறார்கள்.

ஹோப்டவுனுக்கு வடக்கே போகும் சாலை. இங்கே பிப்ரவரிதான் உச்சக் கோடை, அந்த வெயில். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கோதுமை நிலம்... ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. டீகன் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். என்னோடு தானியக் கிடங்கில் வேலை பார்க்கிற டார்சியின் தங்கை. மடியில் ஐஸ் பை, அதற்குள் வலது மணிக்கட்டு. இடது கையில்தான் ஸ்டியரிங். சாலையோரம் வெள்ளைப் புடவையில் யாராவது நின்றார்களா என்று கேட்காதீர்கள். யாரும் நிற்கவில்லை.

டீகன் டிரம்ஸ் வாசிப்பவள். கோரி கிடார், ரூபன் பேஸ் கிடார். மூன்றே பேர். போஸ்ட்-ராக் என்பார்கள்... பாட ஆள் கிடையாது, வெறும் வாத்தியம்தான். முதல் ஆல்பத்துக்காக மூடிக் கிடந்த ஒரு நடன மண்டபத்தைப் பிடித்து, பதினொரு நாளாக ரெக்கார்டிங். தகரக் கூரை. உள்ளே செத்த எலி நாற்றம்... அந்த வருடம் அங்கே எலித் தொல்லை அப்படி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே மூவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

ஆறு உருப்படி முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்று, பதினான்கு நிமிடம். முதல் பத்து நிமிடம் பூனை நடப்பது போல வாசிப்பார்கள். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் இடி மாதிரி இறங்க வேண்டும். எப்போது இறங்குவது என்று எண்ணிக்கை கிடையாது. கோரி தலையை ஆட்டுவான்... அவ்வளவுதான். அவனுக்கோ பொறுமை போதாது. ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு ஆட்டிக் காரியத்தைக் கெடுத்தான்.

டீகனுக்குத் திங்கட்கிழமை மணிக்கட்டில் ஆபரேஷன். அதற்குப் பிறகு டிரம்ஸை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபது வருடமாக வாசித்தவள்... மிச்சம் இருந்தது ஒரே ஒரு டேக், அதாவது நிறுத்தாமல் ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்வது. அன்று காரை நிறுத்திவிட்டு மண்டபத்துக்குள் வந்ததும் கோரியிடம் சொன்னாள்.

“சீக்கிரமா ஆட்டித் தொலைச்சிடாதடா. இன்னொரு தடவை என் கை எழும்பாது.”

ஆரம்பித்தார்கள். எட்டு நிமிடம்... ஒன்பது... பத்து. கூரைத் தகரம் வெயிலில் டக்... டக்கென்று முறுக்கிக்கொண்டது. கோரி ஆட்டவில்லை. பதினொன்று. டீகனின் இடது கை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது, வலது கை ஓங்கியபடி காத்திருந்தது. தோள் வரைக்கும் எரிச்சல். போதும்டா, போதும்டா என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

தலை அசைந்தது. மெதுவாக... ஒரே ஒரு தடவை.

மூவரும் இறங்கினார்கள். ஒரு நூலிழை பிசகவில்லை.

கடைசிச் சத்தம் அடங்கும் வரை யாரும் அசையக் கூடாது. அடங்கியது. ரூபன் ஓடிப் போய்க் கோரியைக் கட்டிக்கொண்டான். எப்படிடா அவ்வளவு நேரம் பொறுத்தாய் என்று கேட்டான். கோரி முழித்தான்.

“நான் எங்கடா ஆட்டினேன்? முந்திடுவேனோன்னு பயந்து தரையையே பார்த்துக்கிட்டிருந்தேன். நீதானே வந்து தோள்ல தட்டினே?”

ரூபன் நின்று வாசித்தது ஆறு தப்படி தள்ளி. இரண்டு கையும் பேஸ் கிடாரில். அவனும் தலை அசைந்ததைப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறான்.

டீகன் கோரியின் தலையையே பார்த்தாள். கோரிக்கு மொட்டைத் தலை. அவள் பார்த்த தலையில் நரைத்த முடி... வகிடெடுத்துப் படிய வாரியிருந்தது.

ரூபன் அந்த டேக்கை அழித்துவிடலாம் என்று கெஞ்சினான். அவள் விடவில்லை. கை போய்விட்டது, எனக்கென்று இது ஒன்றாவது இருக்கட்டும் என்றாளாம். ஆல்பத்தில் இருப்பது அதேதான். நானும் கேட்டேன். அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நன்றாக இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்தார்கள்.

அன்றிலிருந்து வலது கை கீழே இறங்கவில்லை. தோளுக்கு மேலே ஓங்கினபடி... அப்படியே நிற்கிறது. எலும்பு சரி, நரம்பு சரி என்கிறார் டாக்டர். சாப்பிடும்போதும் அப்படித்தான். தூங்கும்போதும் அப்படித்தான். ஒரு வருடம் ஆகப்போகிறது. டார்சிதான் தட்டில் இருப்பதை வெட்டிக் கொடுக்கிறான்.

போன வாரம் அவனுக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கப் பார்த்திருக்கிறான். அவள் தடுக்கவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்...

“எனக்கும் அலுத்துப்போச்சு டார்சி. அவரு தலையை ஆட்டட்டும்... இறக்கிடறேன்.”