நலம் என்று போன செய்திகள்

கரண்ட் மட்டும் ஒழுங்காக இருந்தால் குடவாசலில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது சுகம்தான். மத்தியானம் சூடாகச் சோறு கிடைக்கும், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

எங்கள் கம்பெனி தஞ்சாவூரில் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாகக் கிடக்கும் பெரியவர்களை எங்கள் நர்ஸ்கள் தினமும் போய்ப் பார்ப்பார்கள். பார்த்ததை ஆப்பில் பதிந்தால் பிள்ளைகளின் போனுக்குச் செய்தி போகும். அந்த ஆப் என் கைவேலை. டேட்டாபேஸில் கிடப்பதை எடுத்து நிரலுக்குப் புரிகிற மாதிரி கொடுக்க ஓஆர்எம் என்றொரு லைப்ரரி உண்டு. நல்ல லைப்ரரிதான். ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் அது தாங்காது, மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

ஈஸ்வரி என்ற நர்ஸ் வேலையை விட்டதும் அவர் பெயரை நீக்கினேன். அவர் பார்த்துவந்த அந்தோணிமுத்து ஐயாவுக்கு நர்ஸே இல்லை என்றாகிவிட்டது. அவர் ஒருவரால் யாருக்குமே செய்தி போகவில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போன் மேல் போன். முதலாளி டேவிட்சன் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. பதிவு இல்லாத இடத்தில் 'நலம்' என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு வரி எழுதினேன். எல்லாம் ஓடத் தொடங்கியது. வேறு நர்ஸ் போடச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தவறும் வெளியே வரும் என்று தள்ளிப்போட்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஐயாவின் மகள் ஷீபா சிங்கப்பூரிலிருந்து கம்பெனிக்குப் பேசியிருக்கிறார். அப்பா நலம் என்று செய்தி வருகிறது, ஆனால் அவர் போனை எடுப்பதில்லை என்று. டேவிட்சன் என்னைக் கூப்பிட்டார்.

"அறிவுமதி, உங்க ஊர்தானே. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருங்க."

போனேன். அறுப்பு நேரம், தெருவில் ஆளே இல்லை. கதவைத் தட்டினேன். உள்ளே தரையிலிருந்து சத்தம் வந்தது.

"ஈஸ்வரியாம்மா? விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. கொஞ்சம் தண்ணி குடும்மா."

குரல் தெளிவாகத்தான் இருந்தது. நின்று யோசித்தேன். கதவைத் திறந்தால், என்றைக்கு விழுந்தார் என்று அவர் சொல்லிவிடுவார். அத்தனை நாள் போன செய்தியும் பொய் என்றாகும். ஷீபா மட்டுமா, கடல் தாண்டி இருக்கும் எந்தப் பிள்ளையும் இனி அதை நம்பாது. ஒருவருக்காக அத்தனை பேரின் நிம்மதியைக் கெடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாசலைத் தாண்டி வந்து டேவிட்சனுக்குப் போன் போட்டேன்.

"நல்லாத்தான் இருக்காருங்க. தூங்குறாரு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, யாரிடமும் சொல்லாமல் ஆப்பில் நானே அமலி என்ற நர்ஸை அவருக்குப் போட்டேன், திங்கட்கிழமையிலிருந்து. அன்று வியாழன்.

அமலி போனபோது ஐயாவுக்கு உயிர் இல்லை. அன்று காலையிலும் ஷீபாவுக்குச் செய்தி போயிருந்தது.

கதவு பூட்டியிருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை, சும்மா சாத்தித்தான் இருந்தது. நாய் கீய் உள்ளே போய் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்று, திரும்பும்போது நான்தான் வெளியே கொண்டி போட்டேன்.