குருவி வேலையை விட்ட நாள்

உங்கள் மேசைக்கு மேலே இருக்கிற மின்விசிறி ஆடுகிறது, சார். பெரிய கோளாறு ஒன்றுமில்லை. மேல் போல்ட்டை அரைச் சுற்று இறுக்கினால் சரியாகிவிடும். இருபத்திரண்டு வருடம் இயந்திரத்தோடு குப்பை கொட்டியவன், காது சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். எங்கள் ஆலையில் பழைய காகிதத்தைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்கி அட்டை செய்கிறார்கள். அடிக்கிற தொட்டி இரண்டு ஆள் உயரம். அடியில் கத்தி சுற்றும். வீட்டு மிக்சியைப் பெரிதாக நினைத்துக்கொண்டால் போதும். காகிதக் கட்டுகளோடு வருகிற கம்பி அந்தக் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அப்போது தொட்டியை வடித்துவிட்டு ஒருவன் உள்ளே இறங்கி அதை வெட்டி எடுக்க வேண்டும். இன்னொருவன் வெளியே சுவிட்சுப் பக்கத்தில் நிற்க வேண்டும். இறங்குகிறவன் குருவி, நிற்கிறவன் நான். தொட்டியின் வாய்க்குள் என் தோள் நுழையாது. அவன் டிபன் பாக்சைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நுழைந்துவிடுவான்.

இருபத்திரண்டு வருடமும் நாங்கள் ஒரே ஜோடி. புருஷன் பொண்டாட்டி என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு வீட்டில் யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் குருவி அட்டை கட்டும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தான். என்னிடம் சொல்லவில்லை. மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். அந்த வாரம்தான் அவனுடைய இரண்டு விரல் போனது. அவன் ஏறி வந்துவிட்டான் என்று நினைத்துச் சுவிட்சைத் தள்ளிவிட்டேன். மனிதன் என்றால் கை தவறாதா? எட்டு விரல்காரனை அங்கே எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். என்னிடமே திரும்பி வந்தான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு நான்தான் மூன்று வேளையும் ஊட்டிவிட்டேன், விசாரித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் சிவப்புப் பூட்டு வந்தது. ஆளுக்கு ஒன்று, மேலே பெயர் எழுதியிருக்கும். இறங்குகிறவன் சுவிட்சுக் கைப்பிடியைக் கீழே தள்ளி நிறுத்திவிட்டு, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு இறங்குவான். அவன் மேலே வந்து திறக்கிற வரைக்கும் யாரும் ஓட்ட முடியாது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் குருவி பூட்டைப் போட்டுவிட்டு இழுத்துப் பார்ப்பான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை, என் கண் முன்னாலேயே. ஐந்து வருடமும் அப்படித்தான். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

போன மாதம் அவன் ராஜினாமா கொடுத்தான். வேறு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறான் என்றால்கூட மனசு ஆறியிருக்கும்.

“எங்கடா போகப்போற?” என்று கேட்டேன்.

“இன்னும் எதுவும் பாக்கலண்ணே.”

“பாக்காமலேயே விடுறியா? நாப்பத்தேழு வயசுல, எட்டு விரலோட, உன்னை யாரு வா வான்னு கூப்பிடப்போறாங்க?”

“பாத்துக்கலாம்ணே. முதல்ல இங்கேருந்து போனாப் போதும்.”

யோசித்துப் பாருங்கள், சார். வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். வேலையில் இருக்கும்போது செத்தால் வீட்டில் ஒருவருக்கு ஆலையிலேயே வேலை கொடுப்பார்கள், அது வழக்கம். தானாக விட்டுப் போனவன் குடும்பத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக அவன் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

கடைசி நாள் காலையிலேயே பூட்டு, தலைக்கவசம் எல்லாவற்றையும் அவன் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டான். சாயங்காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. மத்தியானம் தொட்டி சிக்கிக்கொண்டது. கம்பிச் சுருளை உள்ளே போட்டது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்குப் பதிலாக இறங்க இன்னும் ஆள் போடவில்லை.

“ஸ்டோர்ல போய்ப் பூட்டை வாங்கிட்டு வந்துடறேண்ணே” என்றான்.

“கடைசி நாள்லகூட என்மேல நம்பிக்கை இல்லையாடா?”

அவன் முகம் சுண்டிப்போனது. நல்ல பிள்ளை, சார். யார் மனசையும் நோகடிக்கத் தெரியாது. “அப்படியெல்லாம் இல்லண்ணே” என்று சொல்லிவிட்டு வெட்டுக்கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

கத்தரி நாலைந்து தடவை கடிக்கிற சத்தம் கேட்டது. கைப்பிடியை மேலே தள்ளினேன். “அண்ணே” என்று ஒரு தடவை கூப்பிட்டான். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. கம்பி அறுபடுகிற சத்தம் வேறு, எலும்பு நொறுங்குகிற சத்தம் வேறு. விரல் போன அன்றைக்கே எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. தொட்டியின் வாயிலிருந்து என் சட்டைவரைக்கும் தெறித்தது. மோட்டார் இரண்டு தடவை முக்கியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது.

மேஸ்திரி ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அது இறங்கவில்லை. பூட்டுப் போடாமல் இறங்கியதால் நடந்த விபத்து என்று ஆலைக்காரர்கள் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் பெயர் கெடக்கூடாதே என்று எழுதியது. பூட்டு இருந்தது, சார். கைப்பிடி மேலே நிற்கும்போது பூட்டவும் சுவிட்சுப் பெட்டியில் ஒரு துளை உண்டு. அதில் என்னுடைய பூட்டைப் போட்டேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அவர்கள் என் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுக்க நாலு நிமிஷம் ஆனது.

புகார் கொடுத்தது அவன் மனைவி என்று எனக்குத் தெரியும். எனக்குத் தங்கச்சி முறை, அதனால் கோபம் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“உங்களுக்குப் பயந்துதாண்ணே அவரு வேலையை விட்டாரு. பட்டினி கெடந்தாலும் பரவால்ல, தினம் உயிரோட வீட்டுக்கு வந்தாப் போதும்னாரு” என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு மனசே சரியில்லை. இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்தவனிடம் என்ன பயம்? என்னிடமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன அவனைக் கடித்தா தின்றுவிடுவேன்?