நான் பன்ஜென்ட்டா?

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட ஏழாம் வகுப்புப் பெண், பக்கத்தில் அவள் அம்மா. அவளுடைய புத்தகப் பை காலடியில் கிடந்த பூண்டு மூட்டைமேல் இருந்தது.

"அம்மா, நான் பன்ஜென்ட்டா?"

"அப்படின்னா என்ன தாயி?"

எனக்கும் தெரியவில்லை.

"இங்கிலீஷ்மா. புது வார்த்தைய வச்சு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னாங்க மிஸ். பக்கத்துல இருக்கிறவ என்னையக் காட்டி, இவ பன்ஜென்ட்டுன்னா."

"அர்த்தம் சொல்லலையா?"

"காரமான வாசமாம். பூண்டு மாதிரின்னாங்க மிஸ்."

"நம்ம பூண்டு காரமா இருக்குன்னுதான ஏவாரி வெரசா எடுத்துட்டுப் போறாரு? நல்ல வார்த்தையாத்தான் இருக்கும்."

"அப்ப ஏம்மா எல்லாரும் சிரிச்சாங்க?"

அம்மா மூட்டைமேல் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.