பகல்ல தூங்க ஒரு வூடு

அய்யய்யோ, பயப்படாதீங்கக்கா, உசுரோடதான் இருக்கேன். தூங்கிட்டிருந்தேன், அவ்ளோதான். செருப்பு வாசல்ல கெடக்குது, ஆளு மல்லாந்து கெடக்குறான், மூணு தடவ கூப்புட்டும் அசையலன்னா யாருக்கா இருந்தாலும் பதறத்தான் செய்யும். அந்தத் தொடப்பத்த மொதல்ல கீழ வெச்சிடுங்க. திருட வந்தவன் காலி வூட்டுல பேப்பர விரிச்சிப் படுப்பானா, சொல்லுங்க.

கதிர்வேல் ஒண்ணும் சொல்லலையா? நம்ம புரோக்கர் கதிர்வேல்தான். அவன்தான் சாவி குடுத்தான். மாடி போர்ஷன பாத்துட்டு வாங்க, வூட்டுக்காரம்மா பேரு ரத்தினம்மாள், கீழயே இருப்பாங்க, நல்ல மாதிரின்னான். பாக்கத்தான்க்கா வந்தேன். நான் பாக்கறது இப்பிடித்தான். ஒவ்வொருத்தன் கொழாயத் தொறந்து பாப்பான், செவுத்தத் தட்டிப் பாப்பான், வாஸ்து பாப்பான். நான் படுத்துப் பாப்பேன். பத்து மணிக்குப் படுத்தா ஒரு மணி வரைக்கும். தூக்கம் வந்தா அது வூடு. வரலன்னா வணக்கம் சொல்லிட்டுக் கெளம்பிடுவேன்.

இப்ப மணி என்னா? ரெண்டேகாலா! பாத்தீங்களா, அப்ப உங்க வூடு பாஸ்.

சிரிக்காதீங்கக்கா. எனக்கு நைட் டூட்டி. பேரு செந்தமிழ்செல்வன். பேர வெச்சி வாத்தியார்னு நெனச்சிடாதீங்க, முதுநகர்ல ஐஸ் கம்பெனி ஆபரேட்டரு. போட்டுக்காரங்க விடியக்காலைல கடலுக்குப் போவும்போது ஐஸ் தயாரா நிக்கணும். அதுக்கு ராத்திரி பூரா மெஷின் ஓடணும், மெஷின் ஓட நான் முழிச்சிருக்கணும். இருவத்திரெண்டு வருசமா ஊரு தூங்கும்போது நான் உக்காந்திருக்கேன், நான் தூங்கும்போது ஊரு சட்டி உருட்டுது. அவுங்களுக்கும் நைட்டுதான். ரேகா. மஞ்சக்குப்பத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்சு. நைட்டுக்கு ஆளு கெடைக்காம தவிச்சிருக்காங்க, இவுங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

ஆமாக்கா, ரெண்டே பேருதான். புள்ளைங்கல்லாம் இல்ல. ச்சு கொட்டாதீங்க, அதெல்லாம் ஒண்ணும் கொறையில்ல.

இத்தன நாளா சிதம்பரத்துலேந்துதான் வந்து போறோம். டூட்டி முடிஞ்சி திரும்பிப் போவ காலைல எட்டு மணி பஸ்சு. அவுங்க கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஏறி எடம் போட்டு வெப்பாங்க, நான் முதுநகர்ல ஏறிக்குவேன். ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள கண்ணு சொருவிடும். அதனால ஒரு ஏற்பாடு. இன்னிக்கு அவுங்க தூங்குனா நான் முழிச்சிருந்து எழுப்பணும், நாளைக்கி நான் தூங்குவேன், அவுங்க எழுப்பணும். நாலு வருசம் கடியாரம் மாதிரி போச்சு. போன தையில அவுங்க ரெண்டு நாளு லீவு போட்டாங்க பாருங்க, அதுல மொற மாறிப்போச்சு. இன்னிக்கு இவரு முழிச்சிருப்பாருன்னு அவுங்க, அவுங்க முழிச்சிருப்பாங்கன்னு நானு. கண்ணத் தொறந்தா சீர்காழி! சிதம்பரமும் போச்சு, கொள்ளிடம் பாலம் தாண்டுனதே தெரியாது.

எறங்கி டீ குடிச்சோம். அவுங்க சிரிக்கிறாங்க சிரிக்கிறாங்க, டீ மூக்குல ஏறிப்போச்சு. நாலு வருசத்துல அப்பிடிச் சிரிச்சி நான் பாத்ததில்ல. அப்பதான் சொன்னாங்க, இந்த ஒரு மணி நேர பஸ் தூக்கத்துக்கு இவ்ளோ பாடு படறதுக்கு, கடலூர்லயே ஒரு வூட்டப் புடிச்சா மனுசன் மாதிரி தூங்கலாம்னு. நானும் ஆமாமாம்னேன்.

அன்னிலேந்து தேடறேன்க்கா. மூணு மாசம். கடலூர் கார்ப்பரேசன்ல நான் படுக்காத வார்டு கம்மி.

மொதல்ல முதுநகருதான் பாத்தேன். கம்பெனிக்குப் பக்கம், நடந்தே வந்துடலாம். நல்ல காத்தோட்டமான வூடு. பதினோரு மணிக்கு மீன் லாரி வந்து நின்னு ரிவர்ஸ் எடுக்கறான். பின்னால வருது, பின்னால வருதுன்னு ஒரு பாட்டு. நமக்கு மெஷின் சத்தம் பழக்கம்தான், கம்ப்ரசரு ஓடுனா தாலாட்டு மாதிரி இருக்கும், நின்னாதான் முழிச்சிக்குவேன். ஆனா இந்த லாரி பாட்டு ஆவல.

திருப்பாப்புலியூர்ல ஒண்ணு பாத்தேன். கோயில் பக்கம், கட கண்ணி எல்லாம் கைக்கெட்டுற தூரம். படுத்தேன். பழய இரும்புக்காரன் ஒலிபெருக்கி வெச்சிகிட்டு வந்தான். அவன் போனதும் உப்பு வண்டி. உப்பு போனதும் தவணைக்குப் பொடவ விக்கறவன். கண்ண மூடிக்கிட்டே ஒரு மாசத்து சாமான் வாங்கிடலாம். வூட்டுக்காரரு பெருமையா சொல்றாரு, இங்க வாசலுக்கே எல்லாம் வரும்னு. அதாங்க வேணாம்னு வந்துட்டேன்.

செம்மண்டலத்துல புத்தம்புது வூடு. டைல்ஸு பளபளங்குது. பக்கத்துல பாத்தா கல்யாண மண்டபம். சரி, மண்டபமே வேணாம்னு திருவந்திபுரத்துப் பக்கம் போயிட்டேன், அங்க கோயில்லயே கல்யாணம் நடக்குது! நான் போனது நல்ல முகூர்த்த நாளு. வூடு பாக்கப் போன எடத்துல மூணு பக்கமும் மேளம். தெருவுல நின்னு முழிக்கிறேன், ஒருத்தரு கையப் புடிச்சி இழுத்துகிட்டுப் போயி பந்தியில உக்கார வெச்சிட்டாரு. பொண்ணு வூடா மாப்ள வூடான்னு கேட்டாங்க. வாடக வூடுன்னேன். பாயசம் நல்லாயிருந்துது.

தேவனாம்பட்டினமா? பாத்தேன்க்கா. பாத்ததுலயே அங்கதான் அடிச்சிப் போட்ட மாதிரி தூங்குனேன். அப்பிடி ஒரு கடல் காத்து. அந்த வூட்டுக்காரம்மா எழுப்பி வஞ்சிரமீன் கொழம்பு ஊத்தி சோறு வேற போட்டாங்க. ஆனா ரேகாவுக்கு ஒத்துக்காது. சுனாமி வந்தப்ப அவுங்க நர்சு படிச்சிகிட்டிருந்தவங்க. இருவது வயசுகூட இல்ல. பெரியாஸ்பத்திரியில பொணங்களக் கொண்டாந்து போட்டப்ப இவுங்கள மாதிரி புள்ளைங்களத்தான் கூப்புட்டு நிறுத்துனாங்களாம். அதுலேந்து அல சத்தம் காதுல விழுந்தா தூக்கம் வராது. ஒரு நாளு பஸ்ல வரும்போது அவுங்களா சொன்னது. நான் துருவிக் கேக்கல.

நீங்க உக்காருங்கக்கா, முட்டியப் புடிச்சிகிட்டே எதுக்கு நிக்கிறீங்க. இந்தப் படியில உக்காருங்க.

புதுப்பாளையத்துல நடந்தத சொல்றேன் கேளுங்க. வூடு அமைதி, தண்ணி நல்ல தண்ணி. படுக்கப்போறேன், பாக்கறேன், செவுத்துல இடுப்பு ஒயரத்துக்குக் கீழ மட்டும் புது பெயிண்டு. மேல பழசு. நம்ம ஊர்ல கீழ் பாதி மட்டும் பெயிண்டு அடிச்சா என்னா அர்த்தம்னு கடலூர்க்காரங்களுக்குத் தெரியாதா? போன வெள்ளத்துல எவ்ளோ தண்ணின்னு கேட்டேன். கணுக்கால் அளவுன்னாரு அந்த ஆளு. யாரு கணுக்காலு, யானையோடதான்னு கேட்டேன். கோவிச்சிகிட்டாரு. இங்க உங்க காம்பவுண்டு செவுத்துல வெள்ளத்தண்ணி நின்ன கோட்ட நீங்க மறைக்கவே இல்ல பாருங்க, அங்கியே எனக்கு உங்கள புடிச்சிப்போச்சு. நமக்கு மாடிதான. தண்ணி வந்துச்சுன்னா நீங்க மேல வந்துடுங்க, ரேகா டீ போட்டுக் குடுப்பாங்க.

இந்தக் கூத்தப்பாக்கம் இவ்ளோ அமைதியா இருக்கும்னு நான் நெனைக்கலக்கா. பதினொண்ணு வாக்குல உங்க வூட்டுக் குக்கரு மூணு விசிலு. அதுக்கப்பறம் ஒரு காக்கா. அப்பறம் ஒண்ணுமே இல்ல.

கேளுங்கக்கா, கேளுங்க. எந்த ஆளுங்கன்னுதான? நேரா கேக்க சங்கடப்பட்டு எந்தக் கோயிலுக்குப் போவீங்கன்னு சுத்தி வர்றீங்க, பரவால்ல. நான் எந்தக் கோயிலுக்கும் ஒழுங்கா போறதில்ல, கோயிலு தொறக்குற நேரம் நான் தூங்குவேன். அவுங்க ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவாங்க. அவுங்க அப்பா பேரு லூர்துசாமி. ஆமா, நாங்க வேற வேற. அவுங்க கிறிஸ்டினு, நான் இந்து, ஆளுங்களும் வேற. அதுல உங்களுக்கு எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ரெண்டு எடத்துல சொல்லிட்டாங்க. ஒருத்தரு நேத்தே வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னாரு. ஒருத்தரு மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. நேரா சொன்னவரு எவ்வளவோ தேவல.

இல்லியா? உங்க மருமவளே கிறிஸ்டினா? அட! வூட்டுல கிறிஸ்மஸ் கேக்கு, பொங்கலு ரெண்டும் உண்டுங்கறீங்க. குடுத்து வெச்சவங்க.

மீனு சமைப்போம்க்கா. ஐஸ் கம்பெனிக்காரன் வூட்டுல மீனு இல்லாமயா? நீங்களும் சாப்புடுவீங்களா! அப்ப வாரத்துல ஒரு நாளு சங்கராவோ நெத்திலியோ உங்களுக்கும் வந்துடும். நான் கொண்டாந்து குடுத்துட்டுத் தூங்கிடுவேன், நீங்க சாவகாசமா கழுவிக்குங்க.

சாப்பாடா? அவுங்க காரம் கம்மியா சாப்புடுவாங்க. டிபன் பாக்ஸ்ல எப்பவும் தயிர் சோறுதான், ஒரு ஓரத்துல நார்த்தங்கா. அத ரெண்டா பிச்சி ஒண்ணு எனக்கு. ஏன் அவுங்க அவுங்கன்னு மரியாத போட்டுப் பேசறேன்னா கேக்குறீங்க? அது அப்பிடியே வந்துடுச்சிக்கா. பேரு சொல்லிக் கூப்புட்டது கெடையாது. அவுங்களும் என்னய சார்னுதான் கூப்புடுவாங்க. இல்ல இல்ல, சண்டையெல்லாம் இல்ல.

அட்வான்ஸு கதிர்வேல் சொன்னான், ஒத்துக்கறேன். வெள்ளிக்கெழம நல்ல நாளா? பால் காய்ச்ச ரெண்டு பேரும் வந்துடணுமா? கேசரி நீங்களே கிண்டித் தர்றீங்களா? உங்களுக்கு எதுக்குக்கா அந்த செரமம்.

என்னா சொன்னீங்க?

ஆமா, கதிர்வேல் சொன்னான். பேமிலிக்குத்தான் குடுப்பாங்கன்னு. முன்னாடி மூணு பசங்க இருந்து தண்ணி தொட்டியில பாட்டிலு கெடந்துதா? தப்புதான். நான் அதெல்லாம் தொடறதில்ல. நீங்க பேச்சுலருக்குக் குடுக்க மாட்டேன்னா அதுல நியாயம் இருக்குது.

அக்கா, அதுலதான் ஒரு சின்ன விசயம். நீங்க கேசரி வரைக்கும் போயிட்டீங்க, இனிமே நான் வாய மூடிகிட்டிருந்தா அது பொய்யி சொன்ன மாதிரி ஆயிடும். கதிர்வேலுகிட்டகூட சொல்லல. ரேகாகிட்ட நான் இன்னும் கேக்கல.

வூட்டப் பத்தி இல்லக்கா.

என்னயக் கட்டிக்கிறீங்களான்னு இன்னும் கேக்கல.

அப்பிடி வாயப் பொளக்காதீங்க. நாப்பத்தேழு வயசாவுது எனக்கு. அவுங்களுக்கு நாப்பத்தொண்ணு இருக்கும். அப்பா போனதுக்கப்பறம் ரெண்டு தங்கச்சிங்கள கட்டிக்குடுத்து முடிச்சாங்க, முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா இவுங்கள யாரும் கேக்கல. எனக்கு ஒண்ணு ரெண்டு வந்துச்சு. பொண்ணு வூட்டுக்காரங்க பகல்லதான வருவாங்க, நான் குறட்ட வுட்டுகிட்டிருப்பேன். ஒரு தடவ எழுப்பி உக்கார வெச்சாங்க, காப்பி டம்ளரு கையில இருக்கும்போதே தூங்கிட்டேன். குடிகாரன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

சீர்காழியில சொன்ன பேச்ச அவுங்க அன்னிக்கே மறந்திருப்பாங்க. நான்தான் மூணு மாசமா ஊர் ஊரா படுத்துகிட்டுத் திரியறேன். என்னாத்த சொல்லிக் கேக்கறது, சொல்லுங்க. பணங்காசு இல்ல. மூஞ்சியும் இதுதான். பக்கத்துல உக்காந்து நாலு வருசம் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அவுங்களுக்குத் தூக்கம் பத்தல. தூங்கும்போதுகூட நெத்தியில ஒரு சுருக்கம் இருக்கும்க்கா. அது போவாது. இந்த மாதிரி ஒரு எடம் இருக்குது, பகல்ல சத்தம் இல்ல, கடல் சத்தம் எட்டாது, வர்றீங்களான்னு கேட்டா, கேக்குற மாதிரி இருக்கும்ல? அதான் வூட்ட மொதல்ல பாத்தேன். 

இன்னிக்கு சாயந்தரம்தான். ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குவாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் நடக்கறதுக்குள்ள கேட்டுடுவேன்.

மாட்டேன்னுட்டாங்கன்னா?

அதையும் யோசிச்சி வெச்சிருக்கேன்க்கா. அதுக்குத்தான் உங்கள ஒண்ணு கேக்கணும். ஒரு பொம்பள, தனியா, நைட் டூட்டி நர்சு. பகல் பூரா தூங்குவாங்க, யாரு வம்புக்கும் போவ மாட்டாங்க. அவுங்க மட்டும் வந்தாங்கன்னா குடுப்பீங்களா? அட்வான்ஸு நான் கட்டுனதுன்னு சொல்ல வேணாம்.

குடுப்பீங்கல்ல?

அப்ப சரி. டு-லெட் போர்டக் கயட்டிடுங்கக்கா.