ஈயக்கயிறு

பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அந்தப் பயணம் அப்படியொன்றும் மோசமில்லை. மடியில் கித்தான் பையை வைத்துக்கொண்டு தூங்கிவிடலாம். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு இன்னொரு பஸ்.

பல்கலைக்கழகத்தில் கதிரியக்க ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்வார்கள், பட்டம் வாங்குவார்கள். மிஞ்சும் கழிவைத் தொடமாட்டார்கள். வாசற்படியில் செத்த எலியைக் கண்டதுபோல் விலகி நடப்பார்கள். முறைப்படி அதை அரசு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். எனக்கு அலமாரி காலியாக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். நீங்கள் வேறு ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருப்பீர்கள்.

எழுபத்தெட்டில் கோட்டைக்குப்பத்து அர்ஜுனனின் படகைப் பேசிக்கொண்டேன். மீன் ஆராய்ச்சி என்று சொன்னேன். நம்பினான். படித்தவன் எதைச் சொன்னாலும் நம்புகிற ஜனம். ஏரி நடுவில் நிறுத்தச் சொன்னபோது, அங்கே இடுப்பளவு தண்ணீர்தான் என்று தயங்கினான். போதும் என்றேன். ஏரியைப் பற்றி அவனிடம் பாடம் கேட்க நான் அங்கே போகவில்லை.

அன்று கடைசியாக ஏரியில் போட்டது ஒரு ஈயப் பானை. உள்ளே விரிசல் விட்ட சிறிய உருளை, அதிலிருந்து கொட்டிய தூள். ஈயம் இருக்கும்வரை அதைச் சுமப்பவனுக்கு ஆபத்தில்லை. நான் கவனமான ஆள்.

அந்த ஊர்ப் பெண்கள் இறால் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வலை கிடையாது. தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி, இறாலைப் பொறுக்கிப் பல்லில் கவ்விய பனையோலைப் பறிக்கூடையில் போடுவார்கள். அர்ஜுனனின் மனைவி முத்தம்மாளின் கையில் பானை தட்டுப்பட்டது.

அடுத்த முறை போனபோது குடிசை வாசலில் அவள் புருஷனின் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தாள். பானையை உளியால் பட்டை பட்டையாக வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பட்டையையும் வலையின் அடிக்கயிற்றில் மடித்து, பல்லால் கடித்து இறுக்கினாள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இடுக்கி என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது போலும்.

"சார் வந்த ராசி, ஏரியிலயே ஈயம் கெடச்சுது" என்றாள். "இந்த வருசம் கடைக்காரன் மூஞ்சில முழிக்க வாணாம்."

அர்ஜுனன் சிரித்தான். "ஈயத்த கடிச்சு கடிச்சுத்தான் இவ வாய் இம்மாம் நீளம் சார்."

பிறகு அவள் உருளையை எடுத்து நீட்டினாள். "இத்த இன்னா பண்றது சார்?"

நியாயமான கேள்வி. வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதை வைக்க என்னிடம் ஈயம் இல்லை. இருந்த ஈயமெல்லாம் அவள் மடியில் கிடந்தது. வெறும் பையில் வைத்து இரண்டு பஸ் மாறிப் போக எனக்கென்ன பைத்தியமா? உண்மையைச் சொன்னால் பானை எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். நல்ல கனமாக இருக்கிறது, அதையும் வலையிலேயே கட்டிவிடு என்றேன். டீ கொடுத்தாள். பித்தளை டம்ளரைத் தொடப் பிடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன்.

சில மாதத்தில் அவள் வாய் வெந்துபோயிற்று. பல் ஆடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அர்ஜுனன் என்னைத் தேடி வந்தான். நானே அழைத்துப்போனேன். எந்தப் பேராசிரியர் அவ்வளவு செய்வார்? என்ன பழக்கம் என்று டாக்டர் கேட்டார். அவளால் பேச முடியவில்லை. ஈயம் என்று அர்ஜுனன் ஆரம்பித்தான். நான் குறுக்கிட்டு, வெற்றிலை, புகையிலை என்றேன். டாக்டர் தலையாட்டினார். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அவள் பொங்கலுக்குமுன் இறந்தாள். "சார் இல்லன்னா அவள அனாதையா உட்டிருப்போம்" என்று அர்ஜுனன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

ஆக, போட்டது நான். அவள் கடித்ததைப் பார்த்தவன் நான். டாக்டரிடம் பொய் சொன்னவனும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அந்த வலையை அர்ஜுனன் இன்னும் வீசுகிறான். அதனால் அப்படி ஒன்றும் பெரிய ஆபத்தில்லை. ஏரித் தண்ணீரில் எல்லாம் கரைந்துவிடும். ஆனால் பழவேற்காட்டு இறால் மட்டும் எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. குழந்தைகளுக்குச் சேராது.